அம்மாவுக்கு ஓர் இலை

எனக்கு டீச்சர் வேலை கிடைத்த வருஷம், கோடை விடுமுறையில் அய்யாவையும் அம்மாவையும் ராமேஸ்வரம் கூட்டிப் போனேன். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து வயல்காட்டுச் சனம் நாங்கள். தண்ணீர் என்றால் எங்களுக்குக் கண்மாய்தான். கோயிலுக்கு ஒரு காலை போதும், மற்றப் பொழுதெல்லாம் கடற்கரை, வேளாவேளைக்கு ஓட்டல் சோறு என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நாலு நாளாவது அம்மா அடுப்படியை மறந்து, சூடாக ஒரு வாய் சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

முதல் நாள் மத்தியானமே எல்லாம் கெட்டது. எங்கள் வீட்டில் அய்யா சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே இலையில்தான் அம்மா சாப்பிடுவாள். ஓட்டலில் மூன்று பேருக்கும் இலை போட்டார்கள். அம்மா தன் இலையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் கை கழுவப் போனதும் அவர் இலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எச்சில் இலையை ஏம்மா இழுக்குறீங்க? விடுங்க" என்று பரிமாறுகிறவர் சத்தம் போட்டு, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெறும் வயிற்றோடு வெளியே போனாள். அந்த மனிதர்மேல் என்ன கோபம், அவர் வேலையை அவர் பார்த்தார். என் ஆத்திரமெல்லாம் அந்த இலைமேல்தான்.

கடற்கரையில் அம்மா மணலைப் பார்த்தபடி, "இனிமே ஓட்டல் வேணாம் ஆத்தா. எனக்கு அவிச்ச கடலை போதும்" என்றாள்.

"நாளைக்கும் ஓட்டல்தான்" என்றேன்.

மறுநாள் வேறொரு ஓட்டல். பெண்கள் உட்காரத் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். அய்யாவை வாசலிலேயே நிறுத்தி, "கரையில படகெல்லாம் பாத்துட்டு மெதுவா வாங்கய்யா" என்றேன்.

"ஏன் ஆத்தா, நான் வந்தா சோறு வேகாதா?" என்று முனகிக்கொண்டே போனார்.

உள்ளே அம்மா இலையைத் தொடவில்லை. "அவருக்கு முந்தி நான் திங்கவா? ஊருல தெரிஞ்சா காறித் துப்புவாக."

"துப்பட்டும். நீ கை வைக்கலேன்னா நானும் வைக்க மாட்டேன். ரெண்டு பேரும் பட்டினி கெடப்போம், எனக்கென்ன."

நான் பட்டினி கிடந்தால் அம்மா தாங்க மாட்டாள், தெரிந்துதான் சொன்னேன். ஆவி பறக்கிற சோற்றில் சாம்பார் விழுந்தது. அம்மா தட்டி இடுக்கு வழியாக வாசலைப் பார்த்தாள். அப்புறம் பிசைந்தாள். முதல் கவளம் இறங்கவில்லை, தண்ணீர் குடித்தாள். நாலு வாய்க்குப் பிறகு வாசலை மறந்துவிட்டாள். மறுசோறும் கேட்டு வாங்கினாள். நான் என் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

நாங்கள் வெளியே வந்தபோது அய்யா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரச வாளி அவர் பக்கம் வந்தது. அம்மா நேராக அவரிடம் போனாள். சமைக்கும்போதுகூட உப்புப் பார்க்க நாக்கில் வைக்காதவள் அவள்.

"ரசம் வேணாங்க, ஒரே புளிப்பு. மோரு நல்லாருக்கு, அதை ஊத்தச் சொல்லுங்க."

அய்யா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரிடம், "ரசம் வேணாம், மோரே ஊத்துங்க" என்றார்.