மோதும் பக்கத்தில் கீறிய எண்

பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் மில்லி அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. சட்டைக் கைகள் இரண்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வெர்னியர் அளவுகோலோடு போய்த் தையற்காரரிடம் நியாயம் கேட்டவர் அவர். தையற்காரர் நிதானமாகச் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சட்டை சரியாத்தான் இருக்கு சார். உங்க கைதான் ஒண்ணு நீளம்" என்றார். அண்ணன் வீட்டுக்கு வந்து கைகளை அளந்தார். முடிவை யாருக்கும் அறிவிக்கவில்லை.

அவருடைய உத்தியோகம், இரும்பை ஏவி மோதவிடுவது. சுண்டுவிரல் அளவு உருளையை நீண்ட குழாய்க்குள் வைத்து, அழுத்தி அடைத்த காற்றைத் திறந்துவிட்டால், கண் இமைப்பதற்குள் அது எதிரே இருக்கும் கெட்டித் தகட்டில் போய் மோதும். மோதிய பக்கம் காளான் மாதிரி விரியும், உருளை குட்டையாகும். எவ்வளவு குட்டையானது என்று அளந்தால், அந்த உலோகம் வேகமாக விழும் அடியை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்; குறைவாகக் குட்டையாவதே பலமானது. இருபத்திரண்டு வருடங்களாக அண்ணன் சொன்ன அளவை யாரும் திருப்பி அளந்ததில்லை. அது அவருக்குப் பெருமை. அதுவே அவருக்கு வினையாகவும் ஆனது.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. உருளையின் எண்ணை அதன் வால் பக்கத்தில் கீற வேண்டும். மோதும் பக்கத்தில் கீறினால் எண் நசுங்கிக் காணாமல் போகும். எது வால் என்று தெரிவதற்காக, கடைசல் போடுகிறவர் அங்கே ஊசிமுனை அளவு குழி ஒன்று வைத்திருப்பார். அதைப் பார்க்க வயதுக் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். அண்ணனிடம் கண்ணாடி இருந்தது, மேசை இழுப்பறையில். போட்டுக்கொண்டால் வயதானவர் போலத் தெரிகிறது என்பது ஐம்பத்து மூன்று வயதான அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

வேன் கதவுகளுக்குள் பாதுகாப்புக்காக வைக்கும் குறுக்குக் கம்பிக்கு எந்த எஃகு நல்லது என்று கேட்டு, ஓர் ஆலை இரண்டு துண்டுகளை அனுப்பியிருந்தது. பழைய முறையில் செய்ததற்குச் சிவப்பு வண்ணம், புதிய முறையில் செய்ததற்குப் பச்சை. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உருளை வெட்டியாயிற்று. அண்ணன் கண்ணாடி போடாமலே எண்களைக் கீறினார், இரண்டையும் அடுத்தடுத்து ஏவினார், எண்தான் இருக்கிறதே என்று ஒரே தட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது, பெயரைத் தொலைத்த இரட்டைப் பிள்ளைகளாக இரண்டும் தட்டில் கிடந்தன. ஒன்று மூன்று மில்லிமீட்டர் குட்டையாகியிருந்தது, மற்றது ஐந்து. எது எதுவென்று சொல்ல எண் இல்லை.

தலைமை ஆய்வாளர் மேடத்திடம் சொல்லியிருந்தால் புதிதாக வெட்டித் தந்திருப்பார். ஆனால், "என்ன அண்ணே, நீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து அண்ணன் அறிவியலைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பழையதைவிட நல்லதாக இல்லாவிட்டால் புதியதை எதற்குச் செய்யப்போகிறார்கள்? பச்சைக்கு மூன்று, சிவப்புக்கு ஐந்து என்று அழகான கையெழுத்தில் எழுதினார். பச்சை தேர்வானது.

சில மாதங்கள் கழித்து, சலவை ஆலையில் வேலை செய்யும் அவர் மனைவி மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"ஏங்க, எங்களுக்குப் புது வேன் விட்டிருக்காங்க. கதவோர சீட்டு எனக்குத்தான். என்ன காத்துங்கிறீங்க!"

என்ன வேன் என்று அண்ணன் விசாரித்தார். கதவுக்குள் பச்சை எஃகுக் கம்பி வைத்த அதே வேன். "நடு சீட்டுல உட்காரு. கதவோரக் காத்து உனக்குத் தலைவலி குடுக்கும்."

"இருபத்தஞ்சு வருஷமா என் தலைவலிக்கு ஒரு மாத்திரை வாங்கித் தந்ததில்ல. இப்ப என்ன திடீர் அக்கறை?"

அப்படிச் சொன்னாலும் இடம் மாறினார். அண்ணனுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் வெட்கப்பட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை, போகிற போக்கில், "அந்தக் கதவோர சீட்டுல இப்ப யாரு?" என்று கேட்டார்.

"துணி மடிக்கிற பொண்ணு. மாசமா இருக்கா, காத்து வேணும்னா. நான்தான் குடுத்தேன்."

அண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புத் துண்டை எடுத்தார். உள்ளங்கை நீளம், நுனியில் பச்சை வண்ணம். மீதித் துண்டு சும்மாதானே கிடக்கிறது என்று முன்பு பரிசோதனைக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

"அதை எங்க தூக்கிட்டுப் போறீங்க? கதவு அடிக்குமே!"

"அடிக்கட்டும்."

மேடத்தின் மேசைமேல் துண்டை வைத்தார். "மேடம், ரெண்டு தப்பு. ஒண்ணு, பச்சை எது சிவப்பு எதுன்னு தெரியாம குத்துமதிப்பா எழுதிட்டேன். இன்னொண்ணு இது. கதவுக்கு முட்டா வச்சிருந்தேன்."

மேடம் துண்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "என்ன அண்ணே, நீங்களா?"

அந்த வார்த்தை வந்தே விட்டது.

புதிதாக ஓர் உருளை வெட்டினார்கள். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு வாலைத் தேடி எண் கீறினார். "நீங்களும் ஒருதடவ பாத்துடுங்க மேடம்" என்றார். ஏவிய பிறகு மேடமே அளந்தார்.

ஐந்து.

மேடம் தொலைபேசியை எடுத்தார். மதியத்துக்குள் வேன்கள் நிறுத்தப்பட்டன. இனி ஏவலாம், அளக்கக்கூடாது என்று அண்ணனுக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. பட்டப்பெயரை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மாலையில் மனைவி, நெரிசல் பேருந்தில் நின்றே வந்து, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "வேனை நிறுத்திட்டாங்க. எவனோ ஒருத்தன் அளவை மாத்தி எழுதிட்டானாம். அவன் கை விளங்குமா?"

அண்ணன் தம் கைகளைப் பார்த்தார். "இந்தக் கைதான்."

மனைவி காலை நீவுவதை நிறுத்தினார். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"எழுதும்போதே."

"அப்ப, எனக்குத் தலைவலி வரும்னு சொன்னது?"

அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு வராதா?"

முட்டு இல்லாத கதவு காற்றில் படாரென்று மோதியது. இரண்டாம் முறை மோதுவதற்குள் அண்ணன் போய் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே நின்றார். வந்து உட்காருங்கள் என்று மனைவி சொல்லவில்லை.