மைசூரில் கழற்றி வந்த இரண்டு கார்புரேட்டர்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுவதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்கு வருகிற பலர் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இது சந்தோஷமான கட்டுரை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை கோவையிலிருந்து மைசூருக்குப் போய் அன்றே திரும்பினேன். பஸ்ஸில் போனேன். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் பஸ்ஸில் போனதற்குக் காரணம் அந்த ஸ்போர்ட்ஸ் கார்தான்.

என்னிடம் இருப்பது அறுபதுகளில் செய்த, இரண்டே சீட் உள்ள, துணிக்கூரை மடக்குகிற சிவப்புக் கார். ஆறு வருடமாக எங்கள் அடுக்கு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தது. ஏன் ஓடவில்லை என்று யார் கேட்டாலும் நான் ஒரே வார்த்தைதான் சொல்வேன்: "மனோகர்."

மனோகர் மைசூரில் இருக்கும் என் நண்பன். அவன் அப்பா காலத்தில் கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். அவனிடமும் என்னுடைய அதே மாடல் கார் இருக்கிறது, பச்சை நிறம். பழைய கார் வைத்திருக்கும் எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கார் ஊர்வலத்துக்கு முந்தின நாள் யார் வண்டி படுத்துக்கொண்டாலும், வர முடியாத இன்னொருவர் வண்டியிலிருந்து வேண்டியதைக் கழற்றிக் கொடுத்துவிடுவோம். கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன் மைசூர் ஊர்வலத்துக்கு முந்தின நாள் அவன் காரின் கார்புரேட்டர் விரிசல் விட்டுப் பெட்ரோலாக ஊற்றியது. என் கார் அந்தச் சமயம் கிளட்ச் வேலைக்காக நின்றிருந்தது. கழற்றிக் கொடுத்தேன். கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான், எங்கள் காருக்கு ஜோடியாக இரண்டு. அது இல்லாமல் வண்டி வெறும் இரும்பு.

ஊர்வலம் முடிந்ததும் தருகிறேன் என்றான். பிறகு தசரா முடியட்டும் என்றான். பிறகு இங்கிலாந்திலிருந்து புதுசு வரவழைத்துவிட்டுத் தருகிறேன் என்றான். அந்தக் கப்பல் இன்னும் கிளம்பவில்லை. ஞாயிறு தவறாமல் சாமுண்டி மலைக்கு ஓட்டிப் போய் எனக்குப் படம் மட்டும் அனுப்புவான். அந்தப் படங்களை நான் என்ன மனநிலையில் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டிருப்பேன். ஆனால் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது. ஓடாத வண்டிகளை மாதக் கடைசிக்குள் அகற்ற வேண்டுமாம், அந்த இடத்தில் மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி வைக்கப்போகிறார்களாம். சங்கத்துச் செயலாளர் என்னிடம், "உங்க கார் தானா கேட்டுக்கு வெளிய போய்த் தானா உள்ள வரட்டும் சார், நாங்க ஒண்ணும் சொல்லல" என்றார். அதாவது கார்புரேட்டர் வந்தால் கார் இருக்கும், வராவிட்டால் போகும். அதனால்தான் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

காந்திபுரத்தில் காலை ஐந்தரைக்கு பஸ். டிக்கெட் இருநூற்று எழுபது ரூபாய், தூரம் சுமார் இருநூறு கிலோமீட்டர். சத்தியமங்கலம் தாண்டி பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதை ஆரம்பிக்கிறது, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். இந்தக் கார்களை வடிவமைத்தவன் எங்கேயோ குளிரில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பாதைக்காகத்தான் வரைந்தான் என்று நான் அடிக்கடி சொல்வேன். அதில் நான் ஜன்னலோர சீட்டில், மடியில் ஸ்பானரோடு, முன்னால் ஒரு கரும்பு லாரி புகை கக்கப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்காரர் பதினோராவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தார். மனோகரைத் திட்டத் திட்ட எனக்கு மட்டும் குமட்டல் தெரியவில்லை.

சாமராஜநகரில் பத்து நிமிடம் நிற்கும், இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து நஞ்சன்கூடு வழியாக மைசூர் வரை சாலை நன்றாக இருக்கிறது. பதினொரு மணிக்கு மைசூரில் இறங்கி, சரஸ்வதிபுரத்துக்கு ஆட்டோ, எழுபது ரூபாய். மீட்டர் போட்டார். கோவைக்காரனுக்கு அதுவே ஒரு சுற்றுலா அனுபவம்.

வழியெல்லாம் சண்டைக்கு வசனம் தயார் செய்துகொண்டு போனேன். எதுவும் தேவைப்படவில்லை. மனோகர் வாசலிலேயே நின்றான். என் பையைப் பார்த்தான், புரிந்துகொண்டான்.

"கழட்டிக்கோ குரு, உன்னுதுதானே. ஆனா ஸ்வல்ப தூரம் ஓட்டிட்டுக் கழட்டு. இவ்ளோ தூரம் வந்துட்டு ஓட்டாம போனா எப்படி?" என்று சாவியைக் கையில் வைத்தான். மைசூரில் நண்பனைக் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் காரில் ஏறுவதில்லை, இறங்க வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து காலை நேராக நீட்டினால்தான் பெடல் எட்டும். சாவியைத் திருப்பியதும் இரண்டு தரம் இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது. பவர் ஸ்டியரிங் கிடையாது, சக்கரம் மிதிக்கிற ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்கு வரும். நஞ்சன்கூடு சாலையில் பஸ் பக்கத்தில் வந்தால் அதன் டயர் நம் காதுக்கு நேராகச் சுற்றும். சிக்னலில் நின்றபோது ஒரு ஸ்கூட்டர்காரர் "எஷ்டு கொடுத்தெ சார் மைலேஜு?" என்று கன்னடத்தில் மைலேஜ் விசாரித்தார். தாஜ்மகாலைக் காட்டினாலும் வாடகை எவ்வளவு வரும் என்று கேட்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சாமுண்டி மலை ஏற ஆரம்பித்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. புதுக் காரில் நூறில் போனால் கொட்டாவி வருகிறது. இதில் நாற்பதில் போனால் உயிரோடு இருப்பது தெரிகிறது. கியரைக் குறைக்கும்போது கிளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரை ஒரு சீண்டு சீண்ட வேண்டும். சரியாகச் செய்தால் கியர் வெண்ணெயாக விழும், தப்பாகச் செய்தால் ஊருக்கே கேட்கும்படி கத்தும். நீ சரியாகச் செய்தாய் என்று ஒரு நாளில் எத்தனை பேர் நமக்குச் சொல்கிறார்கள்? இந்தக் கார் ஒவ்வொரு வளைவிலும் சொல்கிறது. நந்தி இருக்கும் பக்கம் திரும்புகிற வளைவில் வாய்விட்டுச் சிரித்தேன். அறுபத்தொரு வயதில் எனக்குச் சிரிப்பு அப்படிச் சுலபமாக வருவதில்லை.

மனோகர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தான். "உன் கார்புரேட்டர் குரு. ஒவ்வொரு மாசமும் காதுல ரப்பர் டியூப் வச்சுக் காத்துச் சத்தம் கேட்டு ரெண்டையும் சமமா ட்யூன் பண்ணி வச்சிருக்கேன். எப்படிப் பாடறது பாரு" என்றான். உண்மைதான், என்னிடம் இருந்தபோது அது இவ்வளவு நன்றாக ஓடியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அவன் மனைவி விமலா காபி கொண்டுவந்தாள். நான் பானெட்டைத் திறந்து ஸ்பானர்களை வரிசையாக வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ரெண்டு வண்டிக்கு ஒரு ஜோடிதானே அண்ணா இருக்கு. ஒண்ணாவது ஓடட்டுமே. மாசம் ஒரு வாட்டி வந்து நீங்களே ஓட்டுங்க. நான் ஒண்ணும் அந்த சீட்டுக்குச் சண்டைக்கு வரமாட்டேன்."

"அது என் கார் இல்லையேம்மா" என்றேன்.

அவளுக்கு அது புரியவில்லை, இந்த நோய் இல்லாத யாருக்கும் புரியாது. காற்று, வளைவு, சத்தம் என்று மேலே எழுதியதெல்லாம் நிஜம். ஆனால் அடியில் இருப்பது இதுதான்: என்னுடையது ஓட வேண்டும். அடுத்தவன் காரில் கிடைக்கிற சொர்க்கம் நமக்குக் கணக்கில்லை.

மனோகர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நான் கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பானரை நீட்டினான். நட்டுகளைத் தனித்தனித் தாளில் பொட்டலம் கட்டினான். எஞ்சினில் திறந்துகிடந்த இரண்டு துளைகளுக்கும் அளவெடுத்து வெட்டிய தகடு வைத்து, ரப்பர் போட்டு, போல்ட் முடுக்கி மூடினான். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "உள்ள ஈரம் ஏறிடும் குரு, அப்புறம் ஆயுசுக்கும் பேஜாரு" என்றான். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, சரி சரி என்றேன்.

மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர் என் சீட்டருகே வந்து மூக்கைச் சுளித்து, "என்ன சார் பையில, பெட்ரோல் வாடை தூக்குது?" என்றார். "பழைய இரும்புங்க" என்றேன். ஜெயித்துவிட்டு வருகிறவனுக்கு இருக்க வேண்டிய சந்தோஷம் சாமராஜநகர் வரைக்கும்கூட இருக்கவில்லை.

மறுநாள் காலை கார்புரேட்டர்களை மாட்டி, புது பாட்டரி வைத்து, சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு தரம் டக். எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க, அதன் முன்பக்க நட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு முழு பலத்தோடு தொங்கினேன். அசையவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே காவி நிறத்தில் துரு. பிஸ்டன்கள் சுவரோடு ஒட்டிப்போய்விட்டன. ஆறு வருடத்துக்கு முன் கார்புரேட்டரைக் கழற்றியபோது அந்தத் துளைகளில் நான் பழைய துணியைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறேன். மேலே ஒரு தண்ணீர்க் குழாய் கசிவது எனக்குத் தெரியும். உறை போட்டிருக்கிறேனே, போதாதா என்று இருந்துவிட்டேன். இத்தனை வருடமும் என் கார் ஓடாததற்கு மனோகர்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, ஒரு நாள் குனிந்து அந்த எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கவில்லை.

எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய ஆளும் மாதங்களும் வேண்டும். சங்கத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. இழுவை வண்டியில் ஏற்றி மச்சான் தோட்டத்துக் கோழிக் கொட்டகைக்கு அனுப்பினேன். ஏற்றும்போது செயலாளர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். திம்பம் வழியில் இரவில் காட்டுப் பாதைக் கட்டுப்பாடு உண்டு, நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சாமுண்டி மலைக்கு வார நாளில் போங்கள், ஞாயிறு என்றால் விடியற்காலையில் போய்விடுங்கள். பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள், ஓடுகிற காரை வாங்குங்கள். முக்கியமாக, இன்னொருவன் காரிலிருந்து எதையாவது கழற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் எஞ்சின் சுற்றுகிறதா பாருங்கள். அதற்கு ஒரு ஸ்பானரும் ஒரு நிமிடமும் போதும்.

எஞ்சின் ஒட்டிப்போனதைக் கண்டுபிடித்த அன்று சாயந்திரமே மனோகர் கூப்பிட்டான்.

"ஸ்டார்ட் ஆச்சா குரு?"

"ஆச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"சூப்பர்! போனை எஞ்சின்கிட்ட வை, ஒரு வாட்டி கேட்டுக்கறேன்."

இங்கே கீழ்த்தளத்தில் டவர் சரியாக இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, படித்ததெல்லாம் கன்னடம். அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன். கார்புரேட்டர்களைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லி என் மனைவி தினமும் நச்சரிக்கிறாள். அனுப்பினால், ஏன் என்று கேட்பான்.