4096 என்று எழுதியவர்கள்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே ஒன்பது பேர் முன்னிலையில், சோதனைக்கு வந்த கணினி போர்டை நான் கெடுத்துவிட்டேன் என்று மேலாளர் சொன்னார். அவர் சொன்னதைச் சொல் பிசகாமல் அன்று மாலையே எழுதி வைத்தேன். மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் நான்கு வருடம் இருந்த பழக்கம்.

"சின்னமனூர்ல கரண்டு எப்ப வரும், எப்பப் போகும்னு லைன்மேனுக்கே தெரியாது. அங்கன வீட்டுல வச்சு போர்டப் பொசுக்கிப்புட்டு, சிஸ்டத்துல கோளாறுன்னு எழுதுது இந்தப் புள்ள. பேப்பர்க்காரப் புத்தி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக அவரையும் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை.

போர்டைச் சின்னமனூரில் என் வீட்டில் வைத்துச் சோதித்தது உண்மைதான். ஆனால் சிஸ்டத்தில் கோளாறு என்று நான் எழுதவில்லை. 'பேஜ் அளவைப் பார்க்கவும்' என்றுதான் எழுதியிருந்தேன்.

வாடிக்கையாளர் அனுப்பும் புதிய கணினி போர்டில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, அது நினைவகத்தைச் சரியாகக் கையாளுகிறதா என்று சோதிப்பது எங்கள் வேலை. நினைவகத்தை இயந்திரம் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு துண்டு ஒரு பேஜ். அதுவரை நாங்கள் பார்த்த போர்டுகளில் ஒரு பேஜ் என்பது 4096 பைட். இந்தப் போர்டில் 65,536, அதாவது பதினாறு மடங்கு. எங்கள் சோதனைகளிலோ 4096 என்ற எண்ணையே நேராக எழுதியிருந்தோம். 'இரண்டாவது பேஜைப் பூட்டு', அதாவது அதில் எதுவும் எழுத முடியாதபடி செய், என்று சோதனை கேட்கும். அது காட்டும் இடம் இந்தப் போர்டில் முதல் பேஜுக்குள்ளேயே இருக்கும். பேஜின் நடுவிலிருந்து பூட்ட முடியாது என்று சிஸ்டம் மறுத்துவிடும். பதினொரு சோதனைகள் இப்படித் தோற்றன.

மேலாளர் போர்டைப் பெட்டியோடு வாங்கி, பெட்டியின் மேல் 'பழுது' என்று ஸ்டிக்கர் ஒட்டி அலமாரியில் வைத்தார். என்னைக் கையேடு எழுதும் வேலைக்கு மாற்றினார். மூன்று மாதத்தில் என் ஒப்பந்தம் முடிய இருந்தது. போர்டைக் கெடுத்தவள் என்ற பெயரோடு அதை யாரும் புதுப்பிக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அதே போர்டைப் பற்றி வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில் தோல்வி பூஜ்யம்.

மேலாளர் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவர். சல்லடையில் தரம் பிரிக்கும்போது, எதிலும் சேராத காயைத் தனிச் சாக்கில் ஒதுக்குவார்கள். வாங்க வந்தவர் கேட்காதவரை அந்தச் சாக்கைப் பற்றிப் பேச்சு எழாது. கடையில் அது பொய்யாகாது, ஏனென்றால் சாக்கு அங்கேதான் இருக்கிறது, வாங்குபவருக்கும் அது தெரியும். இவர் அதையே சோதனைக்கும் செய்திருந்தார். சிஸ்டம் மறுத்தால் 'தவிர்க்கப்பட்டது' என்று ஒதுக்கும்படி இரண்டு வரி சேர்த்து, பழுது என்று தானே ஒட்டிய போர்டில் ஓட்டியிருந்தார். அறிக்கைச் சுருக்கத்தில் தேர்ச்சி, தோல்வி இரண்டுக்கு மட்டுமே இடம். இந்தச் சாக்கு எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அலமாரிக்குப் பூட்டு கிடையாது. போர்டு முதல் தடவையிலேயே உயிர்பெற்றது.

பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. உன் பேஜ் எவ்வளவு என்று சோதனை தொடங்கும்போதே இயந்திரத்திடம் கேட்க வைத்தேன். 4096 இருந்த இடத்திலெல்லாம் அந்தப் பதிலைப் போட்டேன். நான்கு பேஜ் என்பதை 16,384 என்று பெருக்கியே எழுதியிருந்த இடங்கள்தான் ஒளிந்திருந்தன. அச்சுப்பிழை பார்ப்பதுபோல வரிவரியாகத் தேடினேன். ஒன்பது நாள் ஆயிற்று. பதினொன்றில் பத்து தேறின. ஒன்று மறுபடியும் தோற்றது. பூட்டிய பேஜில் எழுத சிஸ்டம் அனுமதித்துக்கொண்டிருந்தது. அது மட்டும் உண்மையான கோளாறு.

எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும் வசதி எங்களிடம் உண்டு. பட்டியல் எடுத்தேன். எட்டு சோதனைகளில் அந்த எண்ணை எழுதியவர் மேலாளர். மூன்றில் நான், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில். என்னுடையதை விட்டுவிடலாமா என்று அரை நாள் யோசித்தேன். பிறகு பட்டியலில் முதலாவதாக வைத்தேன். நேர்மை காரணம் இல்லை. வன்மத்தில் எழுதியது என்று சொல்ல அவருக்கு ஒரு வழிகூட இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

திருத்தம் எதுவானாலும் வாடிக்கையாளருக்கும் அனுப்ப வேண்டும் என்பது அவரே போட்ட விதி. வாடிக்கையாளரோடு நடக்கும் ஆய்வுக் கூட்டத்தன்று காலையில் திருத்தத்தையும் பட்டியலையும் அனுப்பினேன். செய்தி முதல் வரியில் இருக்க வேண்டும் என்பது பத்திரிகைப் பாடம்.

வீடியோவில் வந்த வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் கொச்சிக்காரர். "சாரே, அந்த மெயில் முதல் வரி ஒண்ணு வாசிக்கூ" என்றார்.

மேலாளர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "அறிக்கையில் தோல்வி இல்லை என்று காட்டப்பட்ட பதினொரு சோதனைகள் இந்தப் போர்டில் ஓடவே இல்லை." அதே ஒன்பது பேர் இருந்தார்கள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

"இந்தப் பொண்ணுக்கு என் மேல ஒரு வருத்தம் சார். அதான் பேரெல்லாம் போட்டு..."

"முதல் பேரு அவங்களோடதாணல்லோ" என்றார் கொச்சிக்காரர். தோற்ற அந்த ஒரு சோதனையை நானே தொடர்ந்து பார்க்க வேண்டும், போர்டு என்னிடமே இருக்கட்டும் என்றார். கோளாறு தீரும்வரை என் ஒப்பந்தம் நீளும் என்பது அதிலேயே அடங்கியிருந்தது.

மாலையில் மேலாளரே போர்டைப் படிக்கட்டு வரை எடுத்து வந்தார்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்ணே. பொசுக்கிப்புட்டேன்னு சொன்னீக."

அவர் போர்டை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"அந்த ஸ்டிக்கர உரிச்சுக் குடுங்கண்ணே. ஒட்டுனது நீங்கதான."

நகத்தால் சுரண்டினார். பாதிதான் வந்தது, மீதி பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. கீழே கடை வாசலில் ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சின்னமனூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் கிளம்பிப் போனது. அடுத்ததற்கு அரை மணி நேரம் இருந்தது. அவர் முழுதாக உரித்து முடிக்கும்வரை நின்றேன்.