அவர் விட்ட கோல்களின் கொப்பி

என் தங்கையின் மகளைக் கனடாவில் மணம் முடித்தவர் ஐஸ் ஹொக்கி விளையாடிச் சம்பாதித்தவர். அங்கே கோல் காப்பதுதான் அவருடைய தொழில். பனித்தரையில் வழுக்கி ஓடுபவர்கள் மட்டையால் அடிக்கும் கறுத்த ரப்பர் வட்டை உடம்பால் மறிக்க வேண்டும். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் மருமகள் எனக்குச் சின்னக் காணொளி ஒன்றை அனுப்புவாள். நாட்குறிப்பு எழுதாமல் படுத்தறியாதவன் நான். இதற்கென்றே தனிக் கொப்பி போட்டேன். தேதி, எதிரணியின் ஊர், எத்தனையாவது நிமிடம், வட்டு எந்தப் பக்கத்தால் புகுந்தது என்று எல்லாம் எழுதினேன். எங்கள் ஊர் இணுவிலில் நான் பனிக்கட்டியைக் கண்டது மீன் பெட்டிக்குள்தான். ஆனாலும் அவருடைய காலம் முழுவதும் என் கையெழுத்தில் இருப்பதாக நினைத்தேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு இருவரும் ஊருக்கு வந்தார்கள். வருமுன் மருமகள் தொலைபேசியில் ஒன்று சொல்லியிருந்தாள். தலையில் பட்ட அடிகளால் மறதி வரக்கூடும் என்று வைத்தியர் சொன்னாராம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கக்கூடாதாம்.

வந்த மறுநாள் பின்னேரம் கொப்பியைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். மருமகள் நாலைந்து பக்கம் புரட்டினாள்.

"மாமா, உது முழுக்க அவர் விட்ட கோல் எல்லோ? மறிச்சது ஒண்டைக்கூட எழுதேல்லையே?"

எனக்கு முகம் எரிந்தது. அந்தக் காணொளிகளில் பெரும்பாலும் கோல்கள்தான் இருந்தன. அவர் மறித்த இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிக் கடந்திருக்கிறேன்.

தமிழ் தெரியாத அவருக்கு விஷயத்தை அவள் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. கொப்பியை மூடி என்னிடமே தந்து, தேதியையும் ஊரையும் மட்டும் வாசிக்கச் சொன்னார். மிச்சத்தைத் தான் சொல்வாராம். தன்னைத்தானே சோதிக்கப் போகிறார் என்பது எனக்கு விளங்கியது. மருமகள் தான் இருந்த கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

முதல் வரியை வாசித்தேன். அவர் கண்ணை மூடினார். அடித்தவன் இடக்கைக்காரன், வட்டு தன் கையுறையின் நுனியில் பட்டு வலப்பக்கத்தால் போனது என்றார். கொப்பியிலும் வலம்தான். பக்கங்களைத் தாண்டி, மிகப் பழையதொன்றை வாசித்தேன். அதுவும் வந்தது. சொல்லும்போதே, கோலுக்கு முன் நிற்பவர் போல அவருடைய முழங்கால்கள் ஒடுங்கின, இடக்கை விரிந்தது. அபார ஞாபகசக்தி உள்ளவர்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். எங்கள் விறாந்தையில் அப்படி ஒருவர் இருக்க, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு ஒரு தேதிக்கு அவர் வாய் திறக்கவில்லை. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். எழுதிய வரியை ஒருநாளும் மாற்றாத நான், "இது என்ரை பிழை, அண்டைக்கு வேறை ஆள் நிண்டிருக்க வேணும்" என்று சொல்லி, வெட்டுவதற்குப் பேனையை வைத்தேன்.

அவர் கை வந்ததை நான் காணவில்லை. என் மணிக்கட்டு அவர் பிடிக்குள் இருந்தது. மெல்லச் சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"தான்தான் நிண்டவராம், மாமா. முன்னாலை ரெண்டு பேர் மறைச்சுக்கொண்டு நிண்டவையாம். வட்டைத் தான் காணவேயில்லையாம்."

காணொளியைத் தேடிப் போட்டோம். கோலுக்கு முன்னால் இரண்டு அகன்ற முதுகுகள். அவற்றுக்குப் பின்னால் அவர் தலைகூடத் தெரியவில்லை. மருமகள் கண்ணைத் துடைத்தாள். அந்த வரியின் பக்கத்தில் "அவர் வட்டைக் காணவில்லை" என்று எழுதி, அதை எழுதிய நாளின் தேதியையும் போட்டேன்.

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த தேதிக்காகக் காத்திருந்தார்.