குவைத்துக்குப் போன கடதாசித் தவளை

வான்கடித உறையின் பசைக்கு ஒரு சுவை உண்டு; நாக்கு நுனியில் பட்டதும் லேசாக இனித்து, பிறகு நெடுநேரம் கசந்துகொண்டிருக்கும். ஒன்பது வயதிலிருந்து பதினொரு வயது வரை எனக்கு அந்தச் சுவையோடுதான் மாதங்கள் போயின. அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தார். கீரி என்கிற கடற்கரை ஊரில் எங்கள் வீட்டில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற அப்பாவும், இரண்டு வயதுத் தம்பியும், எங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அப்பாவின் தங்கையான மாமியும், நானும் இருந்தோம்.

அம்மாவின் கடிதங்களை அப்பா முற்றத்தில் வலைக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசிப்பார். அப்படி வாசித்த ஒரு கடிதத்தில்தான் நூரா என்ற பெயர் முதன்முதலில் வந்தது. அம்மா வேலை செய்த வீட்டின் நாலு வயதுப் பிள்ளை அவள். நாள் முழுக்க அழுகிறாள், சாப்பிட மறுக்கிறாள், அவள் அழுதால் வீட்டுக்காரி, அம்மாவின் சொல்லில் ‘மடம்’, அம்மாவைத்தான் ஏசுகிறார், இப்படியே போனால் வேறு ஆளை எடுக்கப்போவதாகச் சொல்கிறார் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் எனக்கென்று இரண்டு வரி எழுதியிருந்தார். “பிள்ளை, நீ தம்பிக்குச் செய்து குடுக்கிற கடதாசிச் சாமான் ஏதும் செய்து கடிதத்துக்குள்ள வைச்சு அனுப்பு. இங்க அவளுக்கு எல்லாம் இருக்கு, ஒண்டையும் தொடுறாளில்லை.”

“நான் செய்யமாட்டன்” என்றேன். என் அம்மா இன்னொரு பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார் என்பதே எனக்குத் தாங்கவில்லை. அதற்கு விளையாட்டுச் சாமானும் நானே அனுப்ப வேண்டுமா?

அப்பா கோபிக்கவில்லை. “செய்ய வேண்டாம். ஆனா செய்யமாட்டன் எண்டு நீயே அம்மாவுக்கு எழுது. நான் எழுதமாட்டன்” என்று தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்துவிட்டு வலையில் குனிந்துகொண்டார். மூன்று நாள் அந்தத் தாள் வெறுமையாகவே கிடந்தது. நாலாம் நாள் அதையே வெட்டி ஒரு ‘காத்தாடி’ செய்து கொடுத்தேன்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேலானது. காத்தாடி சுற்றவில்லை. அந்த வீட்டில் சன்னல்களைத் திறப்பதே இல்லையாம். கீரியில் பிறந்து, கொடியில் போட்ட துணியைக் காற்று பக்கத்து வளவுக்குக் கொண்டுபோவதைத் தினமும் பார்த்து வளர்ந்த எனக்கு, காற்று நுழையாத வீடு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காற்றுத் தேவைப்படாததாக, பின்பக்கத்தை விரலால் அமத்தினால் பாய்கிற ‘தவளை’ ஒன்றை மடித்து அனுப்பினேன். அது போய்ச் சேரும்போது கருவாடு மாதிரித் தட்டையாகியிருந்தது. அம்மா சரிசெய்யப் பார்த்து அதைப் பிரித்துவிட்டு, திரும்ப மடிக்கத் தெரியாமல் முழித்திருக்கிறார். ‘நூரா ஒருக்காப் பார்த்திட்டு எறிஞ்சிட்டாள்’ என்று எழுதியிருந்தார்.

எறிந்துவிட்டாள் என்ற அந்த ஒரு சொல்தான் என்னை விடவில்லை. அவள்மேல் எனக்கு இரக்கமெல்லாம் வரவில்லை. ஆனால் என் கையால் செய்த ஒன்றை அவள் எறியக்கூடாது, வைத்து விளையாடத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

பள்ளிக்கூடக் கொப்பித் தாள் மிருதுவானது, தவளை பாயாது. கோயிலில் தருகிற மாதக் கலண்டரின் தாள்தான் வழுவழுப்பும் விறைப்புமாக இருந்தது. ஆனால் மாதத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். எனவே மாதம் முடிகிற அன்று அயல்வீடுகளின் வாசலில் போய் நிற்கத் தொடங்கினேன். மடித்த தவளையை உறைக்குள் போட்டு அரிசி மூட்டைக்குக் கீழே இரண்டு நாள் வைப்பேன், தபாலில் போகிற கணக்கு. பிறகு அறைக் கதவையும் சன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு, அந்த வெக்கையில் நிலத்தில் குந்தியிருந்து பாய வைத்துப் பார்ப்பேன். “உனக்கென்ன பிள்ளை விசரே? வேர்த்து ஊத்துது, கதவைத் திற” என்று மாமி வெளியில் நின்று தட்டுவார். மூட்டைக்குக் கீழே கிடந்த ஒரு தவளையும் பாயவில்லை.

எத்தனை தாள் வீணானது என்று தெரியாது. கடைசியில் ஒருநாள், மடிக்காமலே அனுப்பினால் என்ன என்று தோன்றியது. மடிப்புகள் வரவேண்டிய இடத்தில் தாளின் வெள்ளைப் பக்கத்தில் கோடு போட்டேன். மேலே மடிக்கச் சிவப்பு, கீழே மடிக்க நீலம், ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண், மொத்தம் பன்னிரண்டு. அம்மாவால் மடிக்க முடியுமா என்று பார்க்க அப்பாவைப் பிடித்து இருத்தினேன். வலை பின்னுகிற அந்தத் தடித்த விரல்கள் கடதாசியில் தடுமாறின. “ஏழாங் கோடு எங்க போகுது பிள்ளை? எனக்கு விளங்கேல்லை” என்பார். அவர் எங்கே நின்றாரோ அந்த இடத்தை மாற்றி வரைந்தேன். ஐந்தாவது தாளில் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. தவளை கதிரையின் காலில் போய் முட்டியது. தம்பி கைதட்டினான்.

அனுப்புவதற்கு எல்லாம் ஆயத்தமான பிறகு நான் ஒரு வேலை செய்தேன். இதை அப்பாவுக்கு இன்றுவரை சொன்னதில்லை. எட்டாம் கோட்டை விட்டுவிட்டு வேறொரு தாளில் வரைந்து, அதை உறைக்குள் வைத்து ஒட்டினேன். தவளை பாயாது, பிள்ளை அழும், மடம் அம்மாவைத் திருப்பி அனுப்புவார், அம்மா வீட்டுக்கு வந்துவிடுவார். அடுத்த நாள் தபால் கந்தோருக்குப் போகிற வழியில் அப்பாவின் சைக்கிளின் முன்பாரில் உறையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அம்மா அந்தப் பூட்டிய வீட்டில் நிலத்தில் குந்தியிருந்து, ஏழாம் கோட்டுக்குப் பிறகு எங்கே மடிப்பதென்று தேடுவதும், பக்கத்தில் ஒருவர் நின்று ஏசுவதும் என் கண்முன்னே தெரிந்தது. கந்தோர் வாசலில் இறங்கியதும் உறையைக் கிழித்தேன். “என்ன பிள்ளை செய்யிறாய்?” என்றார் அப்பா. “ஒரு கோடு விட்டுப்போச்சு” என்றேன். அவர் உள்ளே போய்ப் புது உறை வாங்கிவந்தார். அங்கிருந்த மேசையில் வைத்து, கந்தோர்ப் பேனையால் எட்டாம் கோட்டைப் போட்டேன்.

அடுத்த கடிதத்தோடு நூராவும் அம்மாவும் சேர்ந்து மடித்த தவளை ஒன்று வந்தது, மெழுகுக் குச்சியால் நிறம் தீட்டிக் கோணலாக. தவளை சோற்றுக் கோப்பையைத் தாண்டும் ஒவ்வொரு தடவைக்கும் அவள் ஒரு வாய் சாப்பிடுகிறாளாம். அந்தத் தவளையைத் தம்பி அன்று பின்னேரமே கிழித்துப்போட்டான்; எனக்குக் கவலை வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு தாள் வைத்தேன். கப்பல், கமரா, சிறகடிக்கிற கொக்கு என்று அந்த இரண்டு வருடமும் முடிந்தது. அம்மா வேலை முடித்து வந்தபோது பெட்டி முழுக்கத் தேடினேன், என் தாள்களில் ஒன்றுகூட இல்லை. “அங்கேயே விட்டிட்டன்” என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற இன்னொரு பெண் அதே குவைத்துக்குப் போயிருக்கிறாள். அவளுடைய மகன் பின்னேரங்களில் போனைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறான். சிவப்பும் நீலமுமாய்க் கரையிட்ட உறைகளைக் கடைகளில் காணவில்லை. கடிதம் எழுத எங்கள் வீட்டிலும் ஆளில்லை. போன கிழமை, என் பிள்ளைகளோடு நிலத்தில் குந்தியிருந்து அம்மா கொக்கு மடித்துக்கொண்டிருந்தபோது, ஏன் அந்தத் தாள்களை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். “எனக்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பார்க்க இன்னொருத்தி வருவாள்தானே. எந்த நாட்டுக்காரியோ, என்ன பாசையோ. எண்ணும் கோடும் எண்டா அவளுக்கும் விளங்கும்.”