ஆசிட்டில் இறங்கிய ரோமாபுரி ராஜா

மாமா கடல்தாண்டி ஊருக்குப் போய்த் திரும்பியபோது, கரூர் ஆற்றில் கிடைத்தவை என்று இரண்டு ரோமாபுரிக் காசுகளைக் கொண்டுவந்தார். அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அண்ணனுடையதில் ஒரு ராஜாவின் தலை பச்சையாக, தெளிவாகத் தெரிந்தது. என்னுடையது களிம்பு பிடித்த கறுப்பு மொத்தை. பொட்டைப் பிள்ளைக்கு இது போதும் என்று மாமா நினைத்துவிட்டார் என்று அப்போதே முடிவுகட்டினேன்.

அதன்பிறகு ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் அண்ணன் ராஜ்யம்தான். கோலசிலாங்கூர் டவுன் நூலகத்திலிருந்து தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிவந்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவான். ராஜா தலையில் இலைக்கிரீடம் என்றால் முந்திய காலமாம், முத்துப்பட்டை என்றால் பிந்திய காலமாம். இவனுடைய ராஜா முத்துப்பட்டைக்காரர். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளைகள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் காசை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் என் காசையும் காணோம். கேட்டால், "எங்கிட்டதான் இருக்கு, கொஞ்ச நாள் பொறு லா" என்றான். தன்னுடையது போதாதென்று என்னுடையதையும் அமுக்கிக்கொண்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவுக்குப் பால் ஸ்டோரில் வேலை. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் கொஞ்சம் வீட்டிலும் ஒரு போத்தலில் இருக்கும். அதில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துத்தான் அம்மா குத்துவிளக்கைப் பளபளப்பாக்குவார். அண்ணனுக்குக் காலைப் பள்ளி, எனக்கு மத்தியானப் பள்ளி. அவன் போனதும், அவன் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்த காசை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு ஆசிட்டை ஊற்றினேன். சுத்தம்தானே செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ராஜா ஒழியட்டும் என்பதுதான் மனதில் இருந்தது. பச்சை நுரைத்துக் கரைந்தது. அதோடு கண், மூக்கு, முத்துப்பட்டை எல்லாம் போயின. மிஞ்சிய சொரசொரப்பான சிவப்புத் தகட்டைத் துடைத்து அவனுடைய தீப்பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் தீப்பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அதை மூடிவிட்டு, ஆசிட் போத்தலை எனக்கு எட்டாத உயரத்தில் தூக்கிவைத்தான்.

பத்து நாள் கழித்து என் கையில் என் காசை வைத்தான். இத்தனை நாளும் அதை நல்லெண்ணெயில் ஊறப்போட்டு, எலுமிச்சை முள்ளால் அழுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறான். உள்ளே ஒரு ராஜா இருந்தார்.

"இந்தா. ஒன்னோடதுல இலைக்கிரீடம். என்னோடதவிட பழசு" என்றான்.

அடுத்த மாதம் மாமா வந்து காசுகளைக் கேட்டார். அண்ணன் சிவப்புத் தகட்டை நீட்டினான். "நான்தான் மாமா, கழுவுறேன்னு ஆசிட்ல போட்டுட்டேன்."

"இவ்ளோ படிக்கிறியே, மூள எங்கடா போச்சி? சின்னவ எவ்ளோ பத்திரமா வச்சிருக்கா பாரு!"

அண்ணன் என் பக்கம் திரும்பாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. மாமா இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாமே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே குறை.