கண்ணடியார்

எதிரே அமர்ந்தவரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. மூக்கின்மேல் அமர்ந்திருக்கும் கண்ணாடியைத்தான் பார்க்கிறார். கேளாமலே கழற்றி, காதுக் கம்பியை இளஞ்சூட்டில் காட்டி, கட்டைவிரலால் மயிரிழை அளவு வளைத்து, மீண்டும் மாட்டிவிடுகிறார். பிறகு தீர்ப்பு: "உங்க இடது காது கீழ இருக்கு. கண்ணாடி மேல தப்பில்ல." எதிரில் இருப்பவள் மணப்பெண்ணாயினும் வாக்கியம் மாறாது. கண்ணாடிக் கடை முதலாளி வாடிக்கையாளரிடம் சிரித்துக்கொண்டே பல்லைக் கடிக்கிறார்.

உடன் பணியாற்றுவோர் கேலியாக இட்ட பெயர் கண்ணாடியார். நான் துணைக்காலை நீக்கிக் கண்ணடியார் என்றே வழங்குகிறேன். கண்ணுக்கு அடியவர், எவரைப் பார்த்தும் கண் அடியாதவர். பொய்யும் உரையார். அது நோன்பினால் வந்த பேறன்று. பொய்க்குரிய உறுப்பே அவருக்கு அமையவில்லை. பிறர் குறிப்பால் உணர்த்துவது அவரை எட்டாது. வாயால் சொன்னது சொன்னபடியே எட்டும். நாற்பதைக் கடந்தபின் ஒரு மருத்துவர் இதற்கு ஆஸ்பெர்கர் என்று பெயர் சொன்னார். அதுவரை அக்காள் சொன்ன பெயர், "என் தம்பி அப்படித்தான்."

சென்ற ஆண்டு பேருந்து நிறுத்தத்தில் அருகே நின்ற பெரிய மனிதர் ஒருவரின் கண்ணாடி ஒருபுறம் சாய்ந்திருந்தது. கண்ணடியார் பேச்சின்றிக் கை நீட்டிக் கழற்றினார். வளைத்து முடிப்பதற்குள் "திருடன்" என்றொரு கூவல், கூட்டம், காவல் நிலையம். கோணிய சட்டத்தை நிமிர்த்தப் போனவர் நேரான சட்டத்தின் கையில் அகப்பட்டார்.

"எடுத்தியா இல்லையா?" என்றார் ஆய்வாளர்.

"எடுத்தேன்."

"எதுக்குடா?"

"கோணலா இருந்துது."

"மரியாதையாச் சொல்லு."

கண்ணடியார் சற்றே சிந்தித்தார். "கோணலா இருந்துதுங்க ஐயா."

அதிகாரியை எள்ளி நகையாடினார் என்பதும் வழிப்பறியோடு சேர்ந்தது. அவர் பார்வை ஆய்வாளரின் சட்டைப் பொத்தானிலேயே நின்றது. "கண்ணைப் பாத்துப் பேசுறானா பாரு. திருட்டு முழி" என்று அதற்கும் ஒரு வரி எழுதப்பட்டது.

மருத்துவச் சான்றோடு ஓடிவந்த அக்காள், "அவனுக்குக் கண்ணைப் பாத்தா பேச்சு வராதுங்க" என்று மன்றாடினாள். நிலைய எழுத்தர் சான்றை விரல் நுனியால் பிடித்து, "இது ஒட்டுற நோயா?" என்று வினவினார்.

"ஒட்டாதுங்க. ஒட்டியிருந்தா இங்க நாலு பேராவது உண்மை பேசியிருப்பீங்க" என்றாள் அக்காள்.

வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. தோற்றால் சிறை. ஆகவே வழக்கறிஞர் அவருக்கு ஒரே பாடம் புகட்டினார்: "ஜட்ஜ் ஐயா கண்ணைப் பாத்துட்டே நிக்கணும். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பினீங்க, கேஸ் போச்சு." கண்ணடியார் நின்றார். சாட்சி பேசினாலும், மின்விசிறி நின்றாலும், நடுவர் தும்மினாலும், இமையாத தேவர்போல அவர் விழிகளையே நோக்கி நின்றார்.

"என்னய்யா முறைக்கிறே?"

"கண்ணைப் பாக்கச் சொன்னாங்க ஐயா."

"யாரு?"

கண்ணடியார் விரல் நீட்டிக் காட்டினார். வழக்கறிஞர் தம் சட்டைப் பொத்தானை ஆராயத் தொடங்கினார்.

கண்ணுக்குக் கயலையும் வேலையும் உவமை தேடியவர்கள் நம் புலவர்கள். பாராத கண் கள்வனுடையது, பார்த்த கண் கொடியவனுடையது என்று கண்ட பெருமையோ நீதித்துறைக்கே உரியது.

அவரைக் காத்தது சான்றுமன்று, வாதமுமன்று. மூன்றாம் வாய்தாவில் பெரிய மனிதருக்கு அலைச்சல் அலுத்துவிட்டது. புகாரைத் திரும்பப் பெற்றார். நடுவர் எச்சரித்து விடுவித்தார். "இனிமே யார் மேலயும் கை வைக்கக் கூடாது. வச்சா நேரா உள்ளதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க ஐயா."

உண்மையாகவே புரிந்திருந்தது. வெளியே நீதிமன்றப் படிக்கட்டில் அக்காளுக்கு முழங்கால் மடங்கிற்று. சுவரைப் பற்றிக்கொண்டு, "டேய், பிடிடா" என்றாள். பாதி நீண்ட கைகள் அந்தரத்தில் நின்றன, பின்வாங்கின, முதுகுக்குப் பின்னே சென்று ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டன.

"கை வைக்கக் கூடாதுக்கா" என்றார். இரண்டு படி இறங்கி, அவளுக்கு எட்டும்படி முதுகை வளைத்துத் தோளைத் தாழ்த்தினார்.

"நீ வை."